சாய்வெழுத்துக்கும் ஓர் இடம் உண்டு

எழுத்து என்பது பொருளை உணர்த்தினால் போதாதா, அதன் உருவம் எப்படி இருந்தால் என்ன என்று கேட்போர் நம்மிடையே பலர். உருவமும் பொருள் உணர்த்தும் என்பதே என் கருத்து. ஆங்கில நூல்களில் நாம் காணும் 'இட்டாலிக்' என்னும் சாய்வெழுத்து இதற்குத் தக்க சான்று.

இத்தாலியில் பிறந்ததால் அதற்கு அப்பெயர் வந்தது. வெனிஸ் நகரில் அச்சகம் நடத்திய ஆல்டஸ் மனூட்டியஸ், 1501-ஆம் ஆண்டில் வெர்ஜிலின் பாடல்களை முழுவதும் இவ்வெழுத்திலேயே அச்சிட்டார். அச்செழுத்தை வெட்டித் தந்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அக்கால அறிஞர்கள் விரைந்து எழுதிய கையெழுத்தே அதற்கு மாதிரி. கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறு நூலுக்கு அது பொருத்தமாக அமைந்தது.

நேரெழுத்தைச் சற்றே சாய்த்துவிட்டால் அது இட்டாலிக் ஆகிவிடாது. நேரெழுத்தின் கால்முனையில் 'செரிப்' எனப்படும் தட்டையான சிறுகோடு நிற்கும். சாய்வெழுத்தில் அதுவே பேனா தாளில் இறங்கி ஏறியதுபோல் மெல்லிய கொக்கியாகிறது. 'எஃப்' என்னும் சிற்றெழுத்து, பெரும்பாலும் வரிக்குக் கீழேயும் வால் நீட்டுகிறது. 'ஏ' தன் மேல்வளைவை உதறிவிட்டு ஒற்றைச் சுழியாகிறது. தனியே வரையப்பட்ட எழுத்து என்பதே அதன் எழிலுக்குக் காரணம்.

முழு நூலையும் தாங்கிய அவ்வெழுத்து நாளடைவில் நேரெழுத்துக்குத் துணையாயிற்று. இன்று நூற்பெயர், பிறமொழிச் சொல், அழுத்தம் வேண்டும் சொல் ஆகியவற்றுக்கே அது பெரிதும் பயன்படுகிறது. தாவரவியல் மாணவர்கள் 'ஒரைசா சட்டைவா' என்று நெல்லின் பெயரை எழுதி அடிக்கோடிடுகிறார்களே, ஏன்? அச்சில் சாய்வெழுத்தாக வரவேண்டிய சொல்லுக்குக் கைப்படியில் இடும் அடையாளமே அந்த அடிக்கோடு!

நிமிர்ந்த சொற்களின் நடுவே ஒரு சொல் சாய்ந்தால் கண் அங்கே நிற்கும். பக்கம் முழுதும் சாய்ந்தால் எங்கே நிற்பது? அழகாயிருக்கிறது என்பதற்காக அழைப்பிதழையும் அறிக்கையையும் முழுக்கச் சாய்வெழுத்தில் அமைப்பது, சோற்றுக்குப் பதில் ஊறுகாயையே இலை நிறையப் பரிமாறுவது போன்றது.

கணிப்பொறி வந்தபின் தமிழையும் சாய்க்கத் தொடங்கிவிட்டோம். பொத்தான் இருக்கிறதே, அழுத்தினால் என்ன என்பார் சிலர். தமிழுக்கெனச் சாய்வெழுத்து வரையப்படாத எழுத்துருவில், அந்தப் பொத்தான் நேரெழுத்தையே பிடித்துச் சரிக்கிறது. நிமிர்ந்து நிற்பதால் பொலிவு பெறும் ட, ப, ம ஆகியவை தள்ளாடுகின்றன. ண, ன ஆகியவற்றின் சுழிகள் நசுங்குகின்றன. மேற்கோள் குறியும் தடித்த எழுத்தும் நம்மிடம் இருக்க, இந்தக் கடன் எதற்கு?

தமிழுக்குச் சாய்வெழுத்தே வேண்டாம் என்பதன்று என் வாதம். நம் கையெழுத்தின் ஓட்டத்தை உற்றுநோக்கி ஒருவர் வரைந்து தரட்டும், வரவேற்போம். மாணவ நண்பர்களே, அதுவரை நம் எழுத்து நிமிர்ந்தே நிற்கட்டும்!