குதிரைக்கு மின்வேலி போடலாம்... ஆனால், கரன்ட் கம்பியை இழுக்காதீங்க!

முத்து விற்ற காசில் குதிரை வாங்கிய கரை, நம்ம தூத்துக்குடி கரை. பாண்டியர் காலத்தில் ஹோர்முஸ், ஏடன் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் காயல் துறைமுகத்தில் வந்து இறங்கின. இன்றைய பழையகாயல்தான் அந்தக் காயல் என்பது கால்டுவெல் சொன்ன கருத்து. காயல் உள்ளிட்ட துறைமுகங்களுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்ததாகவும், ஒன்றின் விலை 220 பொன் தினார் என்றும் பாரசீக வரலாற்று ஆசிரியர் வஸ்ஸாப் எழுதியிருக்கிறார்.

13-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோ போலோ இன்னொரு விஷயத்தையும் சொல்கிறார். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை ஒரு வருஷத்துக்குள் செத்துப்போயின. லாடம் அடிக்கவோ வைத்தியம் பார்க்கவோ தெரிந்த ஆள் இல்லை, பராமரிப்பும் சரியில்லை என்பதுதான் அவர் சொல்லும் காரணம். குதிரையை வாங்குவதைவிட வைத்துக் காப்பாற்றுவதுதான் பெரிய பாடு என்பது அன்றைக்கே தெரிந்த சங்கதி!

இன்றும் தென் மாவட்டங்களில் வண்டிப் பந்தயத்துக்காகவும் சவாரிக்காகவும் ஆசையாகக் குதிரை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். மேய்ச்சலுக்கு விடும்போது முன்னங்காலில் தளை போடுவார்கள், அல்லது முளையடித்து நீளக் கயிற்றில் கட்டுவார்கள். கயிறு காலில் சுற்றினால் குதிரை மிரண்டு விழுந்து காலை உடைத்துக்கொள்ளும். கட்டாமல் விட்டால் இரவில் ரோட்டுக்குப் போய்விடும். முள்கம்பி வேலியோ தோலைக் கிழித்துவிடும். இதற்கெல்லாம் மாற்றாகத்தான் உலகம் முழுக்கத் தற்காலிக மின்வேலியைப் பயன்படுத்துகிறார்கள்.

'மின்வேலியா?' என்று நீங்கள் பதறுவது புரிகிறது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்ததையும், 2 குட்டிகள் தாயில்லாமல் நின்றதையும் யாரால் மறக்க முடியும்? பன்றிக்கு வைத்த வேலியில் மனிதர்கள் பலியாகும் செய்தியும் அடிக்கடி வருகிறது. ஆனால், அந்த வேலி வேறு, இந்த வேலி வேறு.

என்ன வித்தியாசம்?

வீட்டு லைனில் வருவது 230 வோல்ட். அது விடாமல் பாய்ந்துகொண்டே இருக்கும். தொட்டால் தசை இறுகி, கையை எடுக்க முடியாமல் போகும். உயிர் போவது அதனால்தான்.

முறையான மின்வேலியில் 'எனர்ஜைசர்' என்ற பெட்டி இருக்கும். 12 வோல்ட் பேட்டரியிலோ சோலாரிலோ ஓடும் அது, சுமார் ஒரு விநாடிக்கு ஒரு முறை மட்டும் மின்துடிப்பு அனுப்பும். வோல்ட் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், ஒவ்வொரு துடிப்பும் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். சுரீர் என்று அடிக்கும், உடனே விலகிக்கொள்ள நேரமும் கிடைக்கும். குதிரை ஒன்றிரண்டு முறை பட்டதும் அந்தப் பக்கமே போகாது.

எப்படி அமைப்பது?

50 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட 50 சென்ட். சுற்றளவு 180 மீட்டர். 4 மீட்டருக்கு ஒன்று என்றால் 45 பிளாஸ்டிக் ஊன்றுகுச்சிகள் வேண்டும். நான்கு மூலைக்கும் உறுதியான மரக்கால் நட்டு, இன்சுலேட்டர் பொருத்துங்கள். மேல் வரிசை நாலரை அடி உயரம், கீழ் வரிசை இரண்டடி. ஆக, 360 மீட்டர் டேப்போ கயிறோ தேவை.

மெல்லிய கம்பி வேண்டாம். ஓடி வரும் குதிரையின் கண்ணுக்கு அது தெரியாது. உலோக இழை கலந்த வெள்ளை டேப் நன்றாகத் தெரியும். ஆனால், நம் கடற்கரைக் காற்றில் அகலமான டேப் படபடவென்று அடித்து சீக்கிரம் நைந்துபோகும். அதே இழை கலந்த தடித்த வெள்ளைக் கயிறு இங்கே தாக்குப்பிடிக்கும். முள்கம்பியில் மட்டும் ஒருபோதும் மின்சாரம் செலுத்தக் கூடாது.

வேலி வேலை செய்வதும் செய்யாததும் எர்த்தில்தான் இருக்கிறது. மின்துடிப்பு குதிரையின் உடல் வழியாக மண்ணுக்கு இறங்கி, எர்த் ராடு வழியாகப் பெட்டிக்குத் திரும்பினால்தான் ஷாக் அடிக்கும். காய்ந்த தேரி மணலில் இது சரியாக நடக்காது. ஒரு மீட்டருக்குக் குறையாத 3 ராடுகளை இரண்டு மூன்று மீட்டர் இடைவெளியில், ஈரமான இடமாகப் பார்த்து இறக்குங்கள். கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள். வீட்டு எர்த்திலிருந்து 10 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும்.

உப்புக்காற்று இன்னொரு எதிரி. இன்சுலேட்டரில் உப்புப் படிந்து பனியும் சேர்ந்தால் மின்சாரம் கசியும். துடைத்து வையுங்கள். சீமைக்கருவேலக் கிளை உரசினாலும் அதே கதைதான். வேலி டெஸ்டரால் தினமும் பாருங்கள். கடைக்கோடியிலும் 3,000 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது.

முதல் நாள் பகலில் மட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது குதிரையை உள்ளே விடுங்கள். அதுவாக மோந்து பார்த்துக் கற்றுக்கொள்ளும். நாலு பக்கமும் சுற்றிக் காட்டிவிட்டால் இன்னும் நல்லது. புதுக் குதிரையை இரவில் தனியாக விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாரண்டஅள்ளி சம்பவம் நடந்த அதே 2023-ல் தமிழக அரசு மின்வேலிகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காடுகளை ஒட்டிய 5 கிலோமீட்டருக்குள் மின்வேலி போட வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். நம் மாவட்டத்திலும் வல்லநாடு வெளிமான் சரணாலயம் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள். உங்கள் இடம் எந்த எல்லைக்குள் வருகிறது என்று வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். எனர்ஜைசரும் இந்தியத் தர நிர்ணயப்படி தயாரானதாக இருக்க வேண்டும். உள்ளூரில் யாரோ கட்டிக்கொடுத்த பெட்டியை நம்பாதீர்கள்.

ஆட்கள் நடமாடும் பக்கமெல்லாம் 'எச்சரிக்கை, மின்வேலி' என்று மஞ்சள் பலகை மாட்டுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள். உயரழுத்த மின்கம்பிக்குக் கீழே வேலி போகக் கூடாது.

ஊரில் யாராவது மோட்டார் லைனிலிருந்து நேரடியாக வேலிக்குக் கம்பி இழுத்திருந்தால், 'நமக்கென்ன' என்று போய்விடாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் சொல்லுங்கள். யாராவது அதில் சிக்கிக் கிடந்தாலும் ஓடிப்போய்த் தொட்டுவிடாதீர்கள். முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போன வீடுகள் உண்டு.

எனர்ஜைசருக்குச் செலவாகும்தான். 'லைனில் கொக்கி போட்டால் இலவசம்' என்று யாராவது யோசனை சொன்னால் ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் அந்தக் கம்பியை முதலில் தொடப்போவது பன்றியாகவோ குதிரையாகவோதான் இருக்கும் என்று எந்த நிச்சயமும் இல்லை. வேலிக்கு வெளியே ஆடு தேடி வரும் பக்கத்து வீட்டு அண்ணனாகவும் இருக்கலாம்.