பத்துக்குப் பத்து!

பத்துப் பேர் படிக்கிற வகுப்பில் பத்தாவது ரேங்க் வாங்கிய பையன் வீட்டுக்கு வந்து என்ன சொல்வான்? "டாப் டென்ல வந்துட்டேம்ப்பா!" என்பான். 2025 மே 25-ம் தேதி சாயங்காலம் சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகனுக்கும் அதே கதிதான். 14 ஆட்டம், 4 வெற்றி, 8 புள்ளி, பத்தாவது இடம். ராஜஸ்தானுக்கும் அதே 8 புள்ளிதான். ஆனால் ரன் ரேட் என்று ஒரு வஸ்து இருக்கிறதே, அது நம் கழுத்தைப் பிடித்து ஒரு படி கீழே தள்ளிவிட்டது.

2008-ல் ஐ.பி.எல். ஆரம்பித்த நாளிலிருந்து சென்னை கடைசி இடத்துக்கு வந்ததே கிடையாது ஸார். 2020-ல் முதல் தடவையாக பிளே-ஆஃப் போகவில்லை. "கொரோனா வருஷம், உலகத்துக்கே நேரம் சரியில்லை" என்று தேற்றிக்கொண்டோம். 2022-ல் ஒன்பதாவது. "கடைசி இல்லையே!" 2024-ல் பெங்களூரில் 201 எடுத்தால் பிளே-ஆஃப் என்ற நிலையில் 191 எடுத்துவிட்டு வந்தார்கள். கடைசி 2 பந்தில் 10 வேண்டும். ஜடேஜாவால் தொட முடியவில்லை. அதற்கு முந்தின வருஷம் ஆமதாபாத் ஃபைனலில் இதே 2 பந்தில் இதே 10 ரன்னை, ஒரு சிக்ஸர் ஒரு ஃபோர் என்று அடித்துக் கோப்பை வாங்கித் தந்ததும் அவர்தான். "போன வருஷம் கொடுத்தான், இந்த வருஷம் வாங்கிக்கிட்டான், கணக்கு நேர்" என்றார் எங்கள் டீக்கடைக்காரர்.

2025-க்குத்தான் எந்தச் சமாதானமும் சிக்கவில்லை.

புதுக்கோட்டைக்காரனுக்கு இதில் என்ன வந்தது என்று கேட்பீர்கள். சேப்பாக்கம் இங்கிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர். கீழ ராஜ வீதியில் நடக்கிறவனுக்கும் மெரினா காற்றுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் ஏப்ரல் மாதம் பிறந்தால் அறந்தாங்கி, ஆலங்குடி, கீரனூர் என்று எங்கே பஸ் ஏறினாலும் ஜன்னலோரம் ஒரு மஞ்சள் சட்டை உட்கார்ந்திருக்கும். எங்கள் தெருப் பையன்கள் நாலு பேர் ராமேஸ்வரத்திலிருந்து வருகிற ரயிலில் தொற்றிக்கொண்டு மெட்ராஸ் போய் ஏப்ரல் 11-ம் தேதி கொல்கத்தா மேட்ச் பார்த்தார்கள். சென்னை 20 ஓவரும் ஆடி எடுத்தது 103. சேப்பாக்கத்தில் சென்னையின் மிகக் குறைந்த ஸ்கோர். கொல்கத்தா 59 பந்தை மிச்சம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது. "டிக்கெட்டுக்கு முழுக் காசு வாங்கிட்டு இன்டர்வெல்லோட படத்தை முடிச்சிட்டான் அண்ணே" என்று திரும்பி வந்து புலம்பினான் ஒருத்தன்.

அந்த சீஸனில் சேப்பாக்கம் சத்திரமாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் வரலாம், சாப்பிடலாம், படுக்கலாம். பெங்களூர் அங்கே ஜெயித்து 17 வருஷம் ஆகியிருந்தது, ஜெயித்தார்கள். டெல்லி ஜெயித்து 15 வருஷம், ஜெயித்தார்கள். ஹைதராபாத் சன்ரைசர்ஸ் அங்கே ஜெயித்ததே இல்லை. அவர்களும் கையை நனைத்துவிட்டார்கள். ஏப்ரல் 30-ம் தேதி பஞ்சாப் வந்து, சஹல் ஒரே ஓவரில் ஹாட்ரிக் எடுத்து, போட்டியிலிருந்து வெளியேறிய முதல் டீம் என்ற பெயரையும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனது. வரிசையாக ஐந்து தோல்வி, அத்தனையும் சொந்த வீட்டில்! சேப்பாக்கத்தில் எங்களுக்கென்று தனிச் சலுகை எதுவும் இல்லை என்று கோச் ஃபிளெமிங் மார்ச் மாசமே சொன்னார். நாம்தான் தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

தோற்றதில்கூட வருத்தமில்லை. தோற்ற விதம்தான் தொண்டையில் நிற்கிறது. டெல்லி மேட்சில் 184 அடிக்க வேண்டும். 20 ஓவர் முடிந்தபோது 158. விக்கெட் எத்தனை போச்சு? ஐந்து! மீதி நாலு பேர் பேடு கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். குடம் நிறையத் தண்ணியை வைத்துக்கொண்டு நாக்கு வறண்டு செத்தவனைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அன்றைக்குப் பார்த்தேன்.

இப்போது சொல்லப் போவதைப் படித்துவிட்டு ஆசிரியருக்குக் கடிதம் போடாதீர்கள். பெங்களூர் மேட்சில் தோனி ஒன்பதாவது ஆளாக வந்தார். அஷ்வின்கூட அவருக்கு முன்னால் ஆடப் போனார். மேட்ச் கை நழுவிய பிறகு வந்து 16 பந்தில் 30 அடித்தார், கூட்டம் கூத்தாடியது. நாம் 50 ரன்னில் தோற்றோம். இதைவிடக் கொடுமை, நம்ம பேட்ஸ்மேன் அவுட் ஆனால் நம்ம கூட்டமே விசில் அடிப்பது. அடுத்தது 'தல' வருகிறாராம்! அவுட் ஆகிப் போகிறவனுக்கும் அம்மா அப்பா இருக்கிறார்கள், அவர்களும் டி.வி. பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டாமா? சொந்த ஊரில் தன் விக்கெட்டுக்குக் கைதட்டல் வாங்கிய ஆட்டக்காரன் அடுத்த மேட்ச் எந்த மூஞ்சியோடு ஆடுவான்?

எங்கள் மாவட்டத்தில் வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு வழக்கமாகத் தச்சங்குறிச்சியில் நடக்கும். பெரியப்பா வீட்டில் ஒரு காளை இருந்தது. வாடிவாசலைத் தாண்டினால் எவனையும் திமிலில் கை வைக்க விடாது. வயசாகி முழங்கால் பிடித்துக்கொண்டதும் அவர் அதைக் களத்துக்கு ஓட்டவில்லை. கொட்டிலிலேயே கட்டிப் பருத்திக்கொட்டையும் தவிடும் வைத்தார். செத்தபோது மாலை போட்டுத் தாரை தப்பட்டையோடு புதைத்தார்கள். அதை வைத்து மச்சானிடம், "தோனிக்கும் 43 முடியப் போகுது, முழங்கால் ஆபரேஷன் ஆயிருச்சு..." என்று ஆரம்பித்தேன். மச்சான் விசிறி. அந்த வட்டாரத்துக்கே விசிறி.

"மாடும் மனுஷனும் ஒண்ணா? ருதுராஜுக்கு முழங்கை ஒடஞ்சப்ப யாரு வந்து தூக்குனா? லக்னோவுல 11 பந்துல 26 அடிச்சு மேன் ஆஃப் தி மேட்ச் வாங்குனது யாரு, உங்க பெரியப்பாவா?"

அதுவும் வாஸ்தவம்தான். லக்னோ, மும்பை, கொல்கத்தா, குஜராத் என்று வந்த நாலு வெற்றியில் ஒன்றை அவர்தான் முடித்துக் கொடுத்தார். ஆனால் அந்தச் சீஸனுக்கு அவரை 4 கோடிக்கு வைத்துக்கொண்டது எந்தக் கணக்கில் தெரியுமோ? இந்தியாவுக்கு ஆடாதவர் என்ற கணக்கில்! ஐந்து வருஷம் சர்வதேச ஆட்டம் ஆடாமலிருந்தால் அப்படியொரு சலுகை. ரெண்டு உலகக் கோப்பை தூக்கினவர் கன்னி ஆட்டக்காரர் பட்டியலில்! ரேஷன் கார்டில்கூட இப்படி மாற்ற முடியாது.

நிஜமான தப்பு ஏலத்தில் நடந்தது என்பது என் கட்சி. மே மாதம் வடகாடு, கீரமங்கலம் பக்கம் வந்தால் பலாப்பழம் வாங்குகிற நுட்பம் தெரியும். ஆள் சும்மா வாங்க மாட்டார். தட்டிப் பார்ப்பார், காம்பை முகர்வார், முள் விரிந்திருக்கிறதா என்று தடவுவார். சென்னை ஆட்கள் ஏலத்தில் பழைய ஞாபகத்தில் வாங்கினார்கள். 10 கோடிக்கு எடுத்த நூர் அகமது 24 விக்கெட் எடுத்தார், அவரைக் குறை சொல்லக் கூடாது. மற்றபடி பாதிக்கு மேல் சக்கை. இதில் வேடிக்கை என்னவென்றால், பாதி சீஸனுக்கு மேல் மினுங்கிய ஆயுஷ் மாத்ரே, பிரேவிஸ், உர்வில் பட்டேல் மூணு பேரும் அந்த ஏலத்தில் வாங்கியவர்கள் இல்லை. காயம்பட்டவர்களுக்குப் பதிலாக நடுவில் வந்தவர்கள். கொசுறாக வந்த சுளைதான் தேன்! மாத்ரேக்கு அப்போது 17 வயசு. மே 3-ம் தேதி பெங்களூரில் 94 அடித்தான் பையன். ரெண்டே ரன்னில் தோற்றோம். அன்றைக்கு மட்டும் தோற்ற பிறகு எங்கள் தெருவில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள்.

கடைசி மேட்சில் குஜராத்தை 83 ரன்னில் அடித்து நொறுக்கினோம். அதனால் நமக்கு ஒரு பைசா லாபமில்லை. குஜராத்துக்கு முதல் ரெண்டு இடம் போச்சு. ஜூன் 3-ம் தேதி பெங்களூர், 18-வது வருஷத்தில், முதல் தடவையாகக் கோப்பையை வாங்கியது. நமக்கு அது வெந்த புண்ணில் வேல்.

நவம்பரில் இன்னொன்று. சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டு ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டார்கள். டீக்கடைக்காரர் மகன் முதுகில் ஜடேஜா பேரும் 8-ம் போட்ட சட்டையைத்தான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாட்டுவான். "இனிமே அதை டேபிள் துடைக்கப் போட்டுருவோமா?" என்று அவன் அம்மா கேட்டாள். மறுநாள் பார்த்தால் பையன் பேருக்கு மேல் மட்டும் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு கிளாஸ் கழுவிக்கொண்டிருக்கிறான். ஏண்டா, நம்பரை விட்டுட்டியே என்றேன்.

"அது என் ரோல் நம்பரும்தாண்ணே" என்றான்.