எழுத்தே இல்லாத புத்தகத்துக்கு எதற்குக் காசு?

சென்னைப் புத்தகக் காட்சியில் சிறுவர் புத்தகக் கடைப் பக்கமாகக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பிள்ளை ஒரு படப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நகரமாட்டேன் என்று நிற்கும். அம்மாவோ அப்பாவோ அதை வாங்கிச் சர்ரென்று புரட்டுவார்கள். "இதுல எழுத்தே இல்லையேடா! வண்டில ஏறுறதுக்குள்ள முடிச்சிருவ. அங்க பாரு, நூத்தியெட்டு நீதிக்கதை, அதே விலைதான்." படப் புத்தகம் மேசைக்குத் திரும்பிப் போகும். நூற்றெட்டு நீதிக்கதைகள் வீட்டுக்குப் போய் அலமாரியின் மேல்தட்டில் பத்திரமாக உட்காரும். அதைப் பிறகு யாரும் தொடமாட்டார்கள் என்று பந்தயமே கட்டலாம்.

பெற்றோரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. பொது நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் கணக்கும் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. 16 பக்கம் ஒரு பாரம். பாரத்துக்கு இவ்வளவு என்று விலை. படப் புத்தகம் உலகெங்கும் பெரும்பாலும் 32 பக்கம். அதாவது இரண்டே பாரம். ஓவியர் அதற்காக மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்திருக்கலாம். கணக்கு எழுதுகிறவருக்கு அது இரண்டு பாரம்தான்.

கசப்பு மருந்தை உள்ளே தள்ளுவதற்குத் தொட்டுக் கொடுக்கும் தேன் மாதிரிதான் நாம் படத்தை நினைத்து வைத்திருக்கிறோம். எழுத்து பழகியதும் படம் தேவையில்லை, பழகிய பிறகும் படம் கேட்கிற பிள்ளை வளரவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். நல்ல படப் புத்தகம் ஒன்றை நிதானமாகப் பார்த்தவர்கள் இப்படிச் சொல்லமாட்டார்கள்.

பாட் ஹட்சின்ஸ் என்ற ஆங்கிலேய ஓவியர் 1968ல் செய்த 'ரோசிஸ் வாக்' என்ற புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். ரோசி ஒரு கோழி. காலாற நடக்கக் கிளம்புகிறது. முற்றத்தைக் கடக்கிறது, குளத்தைச் சுற்றுகிறது, வைக்கோல் போரில் ஏறி இறங்குகிறது, நேரத்துக்கு வீடு திரும்புகிறது. புத்தகம் முழுக்க ஒரே ஒரு வாக்கியம். ஆனால் படத்தைப் பார்த்தால் கோழிக்குப் பின்னால் ஒரு நரி! முதலில் மண்வாரியை மிதித்து மூக்கில் அடி வாங்குகிறது, பிறகு குளத்தில் விழுகிறது, வைக்கோலுக்குள் புதைகிறது, மாவு மூட்டை தலையில் கொட்டுகிறது, கடைசியில் தேனீக்கள் துரத்த ஓடியே போகிறது. நரி என்ற சொல்லே எழுத்தில் எங்கும் கிடையாது. எழுத்தை மட்டும் படிக்கிறவருக்கு இது ஒரு கோழி நடந்த கதை, அவ்வளவுதான். எங்கள் பகுதி நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு இதை வாசித்துக் காட்டியபோது நான் பாட்டுக்கு வரிகளைத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். அ, ஆ இன்னும் முடிக்காத ஒரு வாண்டு பொறுக்கமுடியாமல் கத்தினான்: "அக்கா, பின்னாடி நரி வருது, நீங்க அதச் சொல்லவே மாட்டேங்குறீங்க!"

கதை சொல்பவர் எதையோ மறைக்கிறார், நாம்தான் கண்டுபிடிக்கவேண்டும் என்று ஐந்து வயதில் ஒரு பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. கல்லூரியில் இலக்கியம் படிக்கிறவர்களுக்கு ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிற சங்கதி இது. மாரிஸ் செண்டாக்கின் 1963ஆம் ஆண்டுப் புத்தகமான 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' இன்னொரு வித்தை காட்டும். பையனின் கற்பனை பெருகப் பெருகப் படமும் பெருத்துக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் எழுத்தைப் பக்கத்தைவிட்டே வெளியேற்றிவிடும். அவன் வீடு திரும்பும்போது படம் மறுபடி சுருங்கும்; கடைசிப் பக்கத்தில் படமே இருக்காது.

எழுத்தில்லாப் புத்தகத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. ஷான் டானின் 'தி அரைவல்' 2006ல் வந்தது. பிழைப்புக்காக மனைவி மகளைப் பிரிந்து வேற்று நகரம் போகிற ஒருவனின் கதை. ஒரு சொல்கூட இல்லை. அந்த நகரத்துப் பெயர்ப்பலகைகளில் இருப்பது ஓவியரே உண்டாக்கிய எழுத்து. அவனைப் போலவே நமக்கும் படிக்கத் தெரியாது. டொராண்டோவில் தமிழ் மட்டும் பேசுகிற அம்மம்மாவும் ஆங்கிலம் மட்டும் சரளமாக வருகிற பேரனும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க இதைவிடப் பொருத்தமான புத்தகம் எனக்குத் தெரியவில்லை. இங்கேயும்தான். எழுத்துக்கூட்டத் தெரியாத பாட்டிகள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். 'நீதிக்கதைகள் நூற்றெட்டு' அவர்களைப் பிள்ளையிடமிருந்து விலக்கிவைக்கும். படப் புத்தகம் பக்கத்தில் உட்காரவைக்கும்.

நமக்கு இந்த மரபு இல்லாமல் இல்லை. 1947ல் தொடங்கிய அம்புலிமாமாவில், வேதாளத்தைத் தோளில் சுமந்து வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்தவர் சங்கர். 2020ல் மறைந்தார். அந்தக் கதைகளில் ஒன்றைக்கூட முழுசாகச் சொல்லத் தெரியாதவர்களுக்கும் அந்தப் படம் கண்ணுக்குள் நிற்கிறது. 1972ல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் வந்தது. 1984ல் லயன் காமிக்ஸ். இரண்டுக்கும் ஊர் சிவகாசி. பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து அவற்றைப் படித்தவர்கள்தான் பின்னாளில் சுஜாதாவுக்கும் அசோகமித்திரனுக்கும் போனார்கள் என்பது என் கட்சி. இன்று புத்தகக் காட்சியில் காமிக்ஸ் கடைக்கு முன்னால் நிற்பவர்களில் தலை நரைத்தவர்களே அதிகம். கூடவே வந்த மகனோ மகளோ எட்டத்தில் நின்று போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கென்று தமிழில் புதிதாக வரைந்து எழுதப்பட்டது அங்கே என்ன இருக்கிறது?

எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான். சின்னஞ்சிறுசுகளுக்கு இன்று பரவாயில்லை. துலிகா, தாரா என்ற பதிப்பகங்கள் இரண்டும் சென்னையிலேயே இருக்கின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் பன்னிரண்டு வயது தாண்டியதும் படமெல்லாம் சட்டென்று காணாமல் போகிறது. அந்த வயதில்தான் பிள்ளைகள் வாசிப்பையும் விடுகிறார்கள்.

அந்த வயதுக்கு என்ன கொடுக்கலாம் என்று யாராவது கேட்டால் முதலில் நான் சொல்வது 'பீமாயணா'. அம்பேத்கரின் வாழ்க்கை, 2011ல் நவயானா வெளியிட்டது. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு ஓவியத் தம்பதி. வழக்கமான காமிக்ஸ் கட்டங்களுக்குள் ஆட்களை அடைக்கமாட்டோம் என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். தங்கள் வீட்டுச் சுவரிலும் தரையிலும் போடுகிற கோலத்தையே பக்கத்தைப் பிரிக்கும் கோடாக வளைத்துக்கொண்டார்கள். பேச்சுக் குமிழ்களைப் பார்க்கவேண்டும். சாதுவான பேச்சு பறவை வடிவத்தில் இருக்கும். தீண்டாதே என்று விரட்டுகிற பேச்சுக்குத் தேள் கொடுக்கு முளைத்திருக்கும். பள்ளியில் தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவன்மேல் அந்தக் கொடுக்கு நீளும்போது, சாதி எப்படிக் கொட்டும் என்று தனியாக ஒரு பாடம் நடத்தவேண்டியதில்லை. மர்ஜானே சத்ரபியின் 'பெர்செபோலிஸ்' தமிழிலும் வந்திருக்கிறது. ஈரானியப் புரட்சிக்கு நடுவே வளரும் ஒரு வாயாடிப் பெண்ணின் கதை. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். ஆனால் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடவேண்டும். "கதை என்ன சொல்லுது? இதுல என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று பின்னாலேயே போய்க் கேட்டால், அடுத்த புத்தகத்தைத் தொடமாட்டார்கள்.

பதிப்பாளர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. தமிழில் வருகிற சிறார் நூல்கள் பலவற்றில் எழுதியவர் பெயர் அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. வரைந்தவர் பெயரைத் தேடிப் பதிப்புரிமைப் பக்கத்துக்குப் போகவேண்டும். அங்கே அச்சகத்து முகவரிக்குப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருக்கும். சிலவற்றில் அதுவும் இல்லை. ஊதியத்தைப் பற்றி ஓவிய நண்பர்கள் சொல்வதைக் கேட்டால் இன்னும் சங்கடம். பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கு நல்ல சித்திர நாவல் ஏன் தமிழில் வருவதில்லை என்று கூட்டம் போட்டுப் பேசுவதற்கு முன்னால், அந்தப் பெயரை அட்டைக்குக் கொண்டுவரலாம்.