பூட்டைக் கழற்றினால் பிரேக் மாறுமா?

மோட்டார் சைக்கிளின் வேக வரம்பை 'எடுத்துத் தாறோம்' என்று சொல்லும் கராஜ்காரரிடம், பிரேக்கையும் டயரையும் சேர்த்து மாற்றித் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவில் (ECU) உள்ள கட்டுப்பாடு, குறித்த வேகம் வந்ததும் எரிபொருளையோ தீப்பொறியையோ குறைக்கும். அதை நீக்கினால் எஞ்சினுக்கு மட்டும்தான் விடுதலை. டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால், அது தாங்கும் உச்ச வேகத்தைச் சொல்லும் ஓர் எழுத்து இருக்கும்: பி (P) என்றால் மணிக்கு 150 கிலோமீற்றர், எஸ் (S) என்றால் 180. அதைக் குனிந்து பார்க்கும் இளைஞர் எத்தனை பேர்?

ஜப்பானில் உள்ளூர்ச் சந்தைக்கான பெரிய மோட்டார் சைக்கிள்கள் 180இல் கட்டிப்போடப்பட்டிருந்தன. 1999இல் சுசுகி ஹயபூசா 300ஐத் தொட்ட பின், கம்பனிகள் தாமாகவே அந்த எண்ணோடு போட்டியை நிறுத்திக்கொண்டன. கொழும்பின் காலி வீதியில் அந்தக் கணக்கெல்லாம் எதற்கு? நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குச் சட்டம் தருவது 50. வெள்ளவத்தைச் சந்தையடியில் ஓர் ஆச்சி மரக்கறிப் பையோடு பஸ்ஸுக்கு முன்னால் வந்துவிட்டால், 50இல் வருபவர் சுதாரிக்கும் ஒரு வினாடியிலேயே 14 மீற்றர் கடந்திருப்பார், 100இல் 28. பிரேக் பிடித்த பின் ஓடும் தூரமோ நான்கு மடங்கு. கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதி நெரிசலில் அவ்வளவு இடம் எங்கே?

சத்தமிடும் சைலன்சரைப் பொலிஸார் காதாலேயே பிடித்துவிடுகிறார்கள். இசியூ மாற்றம் கண்ணுக்கும் படாது, காதுக்கும் கேளாது. வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனை புகையைத்தான் பார்க்கும். விபத்துக்குப் பின் காப்புறுதிக்காரர் தோண்டினால்தான் உண்டு. ஓட்டுபவரை மட்டும் துரத்தாமல், இந்த வேலையைக் காசுக்குச் செய்யும் கராஜ்கள் மீதும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் கைவைக்க வேண்டும்.