கடல்மேல் மட்டும் பழி போடாதீர்கள்



ஜகார்த்தா வெள்ளக் காணொளியைக் குடும்பக் குழுவில் போட்டு, "கலிகாலம், கடல் பொங்குது. ஒண்ணும் பண்ண முடியாது அத்தை" என்று எழுதியிருக்கிறான் தம்பி மகன். படித்த பிள்ளை! எனக்குக் கோபமே வந்துவிட்டது.

கடல் ஏறுவது உண்மைதான், ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். வட ஜகார்த்தாவின் சில இடங்களில் தரை இறங்கியதோ ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கும் மேல். குழாய்த் தண்ணீர் எல்லாருக்கும் போய்ச் சேராத ஊர் அது. வீடு, ஹோட்டல், தொழிற்சாலை என்று ஆளாளுக்கு போர் போட்டு உறிஞ்சினார்கள். களிமண் அடுக்கில் இருந்த நீர் போனால், மேலிருக்கும் பாரம் அதை அமுக்கிவிடும். அமுங்கிய களிமண் மழை பெய்தாலும் பழையபடி உப்பாது. (பஞ்சு உதாரணம் சொல்லாதீர்கள், பஞ்சு உப்பிவிடும்!)

இயற்கையின் சீற்றம் என்று சொல்லிவிட்டால் யாரும் பொறுப்பேற்க வேண்டாம், பாருங்கள். 2019-இல் தலைநகரையே போர்னியோவுக்கு மாற்றப்போவதாக அறிவித்தார்கள். அலுவலகங்கள் போய்விடும். கரையோரத்து மீனவர்கள் எங்கே போவார்கள்?

ஒன்றும் பண்ண முடியாதாமே! டோக்கியோவின் கோட்டோ பகுதியிலும் தரை 4 மீட்டருக்கு மேல் இறங்கியது. 1956, 1962 சட்டங்களால் நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தினார்கள். எழுபதுகளில் இறக்கம் பெரும்பாலும் நின்றது. இழந்த உயரம் திரும்பவில்லை, அது வேறு.

தம்பி மகனே, கடலோரத்து வீட்டில் மூன்றாவது போர் போடப்போவதாகச் சொன்னாயே. அங்கே இறைக்க இறைக்க உப்புத் தண்ணீர்தான் உள்ளே வரும். 2003-இல் உன் அப்பா கட்டிய மழைநீர்த் தொட்டியில் பழைய சாமான் அடைத்து வைத்திருக்கிறாய். முதலில் அதை வெளியே எடு. பொங்கலுக்கு வரும்போது பார்ப்பேன்.