மரம் மாவு கொட்டினால்...

எழும்பூர் மியூஸியத்துக்குச் சென்னை ஜனங்கள் அந்த நாளில் வைத்திருந்த பெயர் ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சி சாலைக்கு ‘உயிர்க் காலேஜ்’. உயிரற்றதெல்லாம் இங்கே, உயிருள்ளதெல்லாம் அங்கே என்று எவ்வளவு அழகாகப் பிரித்துவிட்டார்கள்! ஆனால் பெயர் வைத்த புண்ணியவான் ஒரு சின்னஞ்சிறு பிராணியைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார். மரச் சிற்பமும், சுவாமி வாகனமும், பழைய பெட்டியும், பலகைப் படமும் இருக்கிற எந்த மியூஸியமானாலும் சரி, அழையா விருந்தாளியாக உள்ளே புகுந்து சத்தமில்லாமல் தின்றுகொண்டிருக்கிற வண்டு அது. லண்டனானாலும் எழும்பூரானாலும் பொருட்காப்பாளர்களின் தூக்கத்தைக் கெடுக்கிற ஜந்து.

இத்தனை பீடிகை எதற்கென்றால், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கணவருக்கு ஒரகடத்தில் கார்த் தொழிற்சாலையில் உத்தியோகம். அந்தச் சாலையோரத்தில், தொழிற்சாலைகளுக்குச் சாமான் வந்து இறங்கிய பெட்டிகளையும் அடிப்பலகைகளையும் பிரித்து மலிவாக விற்கிறார்களே, அதில் வாங்கிய பலகையில் போன வருஷம் நவராத்திரிக்கு ஏழு படி அடித்தாராம். கொலு முடிந்ததும் படிகளைக் கழற்றிக் கூடத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார். அதற்கு மேலேதான் பாட்டி கொடுத்த தஞ்சாவூர்க் கிருஷ்ணன் படம். சித்திரை பிறந்ததும் படிகளின் அடியில் வெள்ளை மாவு. அடுத்த மாதம் படத்தின் கீழேயும் மாவு. “தச்சர் மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்கிறார். ஊற்றலாமா?” என்று கேட்கிறார்.

வேண்டாம், அம்மா. முதலில் வந்திருப்பது யாரென்று பார்ப்போம்.

நம் பாஷையில் இதற்கு நல்ல சொல் உண்டு: உளு. உளுத்துப் போன உத்தரம் என்கிறோமே, அதுதான். கறையான் அரிப்பது வேறு, உளுப்பது வேறு. கறையான் மண்ணால் சுரங்கம் கட்டிக்கொண்டு வரும், மாவு கொட்டாது. கசகசாவைப் போல் மணி மணியாக எச்சம் உதிர்ந்தால் அது உலர்ந்த மரத்திலேயே குடியிருக்கும் கறையான் ஜாதி. மைதாவைப் போல, விரலில் தேய்த்தால் முகப்பவுடர் மாதிரி வழுக்குகிற தூளாக இருந்து, துளையும் கடுகு நுழைகிற அளவு வட்டமாக இருந்தால், அது ‘லிக்டஸ்’ என்று சாஸ்திரக்காரர்கள் சொல்லும் வண்டு. தூள் சற்றுக் கரகரப்பாகவும் துளை மிளகு நுழைகிற அளவாகவும் இருந்தால் அதன் பெரியப்பா வீட்டு உறவு. மூங்கிலைத் துளைப்பதும் அந்தக் குடும்பத்தில் ஒன்றுதான். கட்டைவிரல் நுழைகிற பெரிய துளை என்றால் கருவண்டு போல ரீங்காரமிடும் தச்சுத் தேனீயின் வேலை. அதைப் பற்றி இன்று பேச்சில்லை.

துளையைப் பார்த்ததும் “ஐயோ, பூச்சி உள்ளே போகிறதே!” என்று பதறுகிறோம். உண்மை நேர்மாறு. அது உள்ளே போன வழி அல்ல, வெளியேறிய வழி. தாய் வண்டு மரத்தின் மெல்லிய நாளங்களுக்குள் முட்டையைச் செருகிவிட்டுப் போய்விடும். பொரிந்து வருகிற வெள்ளைப் புழு மாதக்கணக்கில் உள்ளேயே மரத்தைத் தின்று வளரும். மரம் என்றால் முழு மரமும் அல்ல. அதிலுள்ள மாவுச்சத்துதான் அதற்கு வேண்டும். ஆகவே வெளிப்புறத்து வெள்ளை மரத்தைத்தான் தேடிப் போகும். தேக்கின் வைரம் பாய்ந்த பாகத்தை அது தொடாது. நம் முன்னோர்கள் மூங்கிலை வெட்டியதும் குளத்தில் ஊறப் போட்டார்களே, அது ஏன் தெரியுமா? மாவுச்சத்து கரைந்து போய்விட்டால் வண்டுக்கு அங்கே சாப்பாடு இல்லை!

சரி, இப்போது உள்ளே ஆள் இருக்கிறதா, வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டதா? மியூஸியத்தில் செய்கிற பரீட்சையை நீங்களும் செய்யலாம். மாவைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பொருளின் அடியில் கறுப்புக் காகிதத்தை விரியுங்கள். இருக்கிற துளைகளையெல்லாம் மெழுகால் அடைத்து எண்ணி எழுதி வையுங்கள். தட்டாமல், அசைக்காமல் இரண்டு வாரம் விடுங்கள். பழைய சுரங்கத்தில் தங்கிய தூள் தட்டினாலே கொட்டும். அதைக் கண்டு ஏமாறக்கூடாது. காகிதத்தில் புதிதாக வெளுப்பான மாவோ, மரத்தில் புதுத் துளையோ தெரிந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். துளையின் விளிம்பும் சாட்சி சொல்லும். புதிதென்றால் உட்புறம் வெள்ளை மரமாக இருக்கும். பழசென்றால் அழுக்கேறிக் கறுத்திருக்கும். கடிதம் எழுதிய சகோதரி படியின் மேல் பழியைப் போடுகிறார். பாதிதான் நியாயம். படத்தின் பின்புறத்தில் கறுத்த துளைகள் இருந்தால், வண்டு பாட்டி வீட்டிலிருந்தே வந்த சீதனமாகவும் இருக்கலாம்.

படிப் பலகையின் கதை சுவாரஸ்யமானது. 1996-ல் அமெரிக்காவில், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் சாலையோர மேப்பிள் மரங்கள் துளை விழுந்து பட்டுப்போயின. ஆசியாவிலிருந்து சரக்குப் பெட்டிகளின் மரத்தில் கப்பலேறி வந்த நீளக்கொம்பு வண்டுதான் காரணம். ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டித் தள்ள வேண்டியதாயிற்று. 2002-ல் உலக நாடுகள் கூடி ஒரு விதி செய்தன. தேசம் விட்டு தேசம் போகிற மரப்பெட்டியானால், மரத்தின் நடுப்பாகம் வரைக்கும் 56 டிகிரி சூடு 30 நிமிஷம் ஏறியிருக்க வேண்டும். அல்லது மெத்தில் புரோமைடு என்ற வாயுவைச் செலுத்தியிருக்க வேண்டும். செய்ததற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர் போன்ற முத்திரை குத்துவார்கள். ஒரகடத்துப் பலகையில் அந்தக் கதிரைத் தேடிப் பாருங்கள். பக்கத்தில் ‘எச். டி.’ என்றிருந்தால் சூடு காட்டியது; ‘எம். பி.’ என்றிருந்தால் வாயு செலுத்தியது. இரண்டாவதை அடுப்பங்கரை அலமாரிக்கு நான் வாங்கமாட்டேன்.

ஆனால் முத்திரை ரட்சைக் கயிறு அல்ல. உள்ளே இருந்ததை அது கொன்றிருக்கும். நாளை வரப் போவதைத் தடுக்காது. உள்நாட்டுச் சரக்குப் பெட்டிக்கோ அந்த முத்திரையே தேவையில்லை. பைன் பலகையானால் லிக்டஸ் சீந்தாது. ரப்பர் மரமும் மாமரமும் அதற்குக் கல்யாணச் சாப்பாடு.

இனி வைத்தியம். மண்ணெண்ணெய் தொட்ட இடத்துப் புழுவைக் கொல்லும். ஆழத்தில் இருப்பதற்கு எட்டாது. ஆவியாகிப் போகும் வரையில் நெருப்புப் பயம் வேறு. படத்தில் பட்டால் வர்ணமும் தங்கரேக்கும் கெடும். அதைவிடப் பெரிய அபாயம், அரிசி மூட்டைக்கு வைக்கிற பாஸ்பைடு மாத்திரையை வாங்கி வந்து அறையைப் பூட்டிவிடுவது. 2024 நவம்பரில், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகிலுள்ள குன்றத்தூரில் எலிக்காக வீட்டுக்குள் வைத்த மருந்தின் நெடியால் இரண்டு பச்சைக் குழந்தைகள் இறந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். எத்தனை விலையுயர்ந்த பொருளானாலும் சரி, ஜனங்கள் படுத்துத் தூங்குகிற வீட்டில் நச்சுப்புகை போடும் யோசனையே கூடாது.

மியூஸியங்களே இந்தப் பாடத்தைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றன. ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பாடம் செய்த பறவைகளுக்கும் ஆதிவாசிகளின் பொருள்களுக்கும் பாஷாணத்தையும் பாதரச உப்பையும் பூசி வைத்தார்கள். பூச்சி போயிற்று, விஷம் போகவில்லை. இன்றும் அவற்றைக் கையுறையில்லாமல் தொடுவதில்லை.

இப்போது விஷமில்லாத வழிகள் இரண்டு. ஒன்று குளிர். பொருளைப் பாலிதீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் ஒன்றிரண்டு வாரம் வைத்தால் முட்டை முதல் வண்டு வரை மாண்டுபோகும். வெளியே எடுத்ததும் உறையைப் பிரித்துவிடக் கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே விட வேண்டும். இல்லாவிட்டால் பொருளெல்லாம் வியர்த்துவிடும். மரக்கரண்டி, சொப்புச் சாமான் போன்ற சின்ன, வர்ணமில்லாத சாமான்களுக்கு வீட்டு டீப் பிரீஸர் போதும். சாதாரணப் பிரிட்ஜின் ஐஸ் அறை போதாது. வீணை, தம்புரா, வர்ணம் பூசிய பொம்மை, தஞ்சாவூர்ப் படம் இவற்றை மறந்தும் வைக்காதீர்கள். மரமும் சுண்ணமும் வெவ்வேறு அளவில் சுருங்கி, பூச்சு பொருக்குத் தட்டிவிடும்.

மற்றது பிராணவாயு இல்லாமல் செய்வது. விசேஷ உறைக்குள் பொருளை வைத்து நைட்ரஜனை நிரப்புவார்கள். கடையில் வாங்குகிற சிப்ஸ் பொட்டலத்துக்குள் இருப்பதும் இந்த நைட்ரஜன்தான். எஞ்சிய பிராணவாயுவை இரும்புத்தூள் பொட்டலங்கள் துருப்பிடித்தே உறிஞ்சிக்கொள்ளும். நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லாத நிலையில் மூன்று நான்கு வாரம் வைத்திருந்தால், மூச்சுக்காகத் தவிக்கிற பூச்சி தன் சுவாசத் துளைகளைத் திறந்தபடியே வைத்து, உடம்பின் ஈரமெல்லாம் வற்றி உலர்ந்துபோகிறது. வர்ணத்துக்கும் தங்கத்துக்கும் ஒரு குறையும் வராது. கிருஷ்ணனுக்கு ஏற்ற வைத்தியம் இதுதான். ஆனால் வீட்டில் செய்கிற காரியமல்ல. எழும்பூர் மியூஸியத்தில் 1930-களிலேயே டாக்டர் எஸ். பரமசிவன் போன்றவர்கள் வளர்த்த ரசாயனப் பாதுகாப்புக்கூடம் இருக்கிறது. முதலில் போய் விசாரிக்க வேண்டிய இடம் அதுதான். அதுவரையில் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, முகம் மேலே பார்க்கும்படி படுக்க வைத்து, பாலிதீனில் தனியே கட்டி வையுங்கள். பின்பக்கத்தைத் தட்டாதீர்கள். உளுத்த பலகை முன்புறத்துச் சுண்ணப்பூச்சைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கக்கூடும்.

வேப்பிலையும் வசம்பும் வைக்கலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக வையுங்கள். ஏட்டுச் சுவடிகளுக்குப் புல் தைலம் தடவுகிற வழக்கமும் நல்ல வழக்கமே. வரப்போகிற பூச்சியை இவை தயங்க வைக்கும். உள்ளே உட்கார்ந்து தின்கிற புழுவுக்கோ இவற்றால் ஒன்றும் நேராது.

படிகளுக்கு இவ்வளவு உபசாரம் வேண்டாம். மிகவும் உளுத்த இரண்டொரு பலகையை அப்புறப்படுத்திவிட்டு, மற்றவற்றின் பழைய பெயிண்டைச் சுரண்டி, வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரை வெறும் மரத்தில் ஊறும்படி இரண்டு மூன்று தடவை பூசச் சொல்லுங்கள். கையுறை அவசியம், குழந்தைகள் அருகில் வரக்கூடாது. ஆழத்துப் புழு உடனே சாகாது. ஆகவே சில மாதம் மாவு கொட்டினாலும் பயப்பட வேண்டாம். புது முட்டையிலிருந்து வருபவைதான் பிழைக்காது. நன்றாகக் காய்ந்த பிறகு பெயிண்டு அடியுங்கள். இங்கேதான் தச்சர்கள் நம்மை ஏமாற்றுவது. கண்ணுக்குத் தெரிகிற பக்கம் பளபளவென்றிருக்கும். அடிப்பக்கமும் பின்பக்கமும் மொட்டை மரமாகவே விட்டிருப்பார்கள். லிக்டஸ் முட்டையிடுவது அந்த மொட்டை மரத்தில்தான். கட்டிலுக்கும் பீரோவுக்கும் இதே கணக்குத்தான்.

மரப்பாச்சித் தம்பதியைப் பற்றியும் அந்தச் சகோதரி கவலைப்பட்டிருக்கிறார். செம்மரத்தின் வைரத்தில் கடைந்த பழைய ஜோடியென்றால் நிம்மதியாகத் தூங்கலாம். வெள்ளை மரத்தில் கடைந்து சிவப்புச் சாயம் ஏற்றிய ஜோடியென்றால், அவர்களையும் கறுப்புக் காகிதத்தின் மேல் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள்.