கண்டது மெய், கொண்ட முடிவு?

“கண்ணாரக் கண்டோமே, அதுவுமா பொய்?” அற்புதம் பேசுவோர் ஏந்தும் இறுதி வாள் இது. தோழர்களே, அந்த வாள் பெர்லின் நகரில் என்றோ முறிந்துவிட்டது!

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஃபான் ஓஸ்டன் வளர்த்த குதிரை ஹான்ஸ். கணக்குக் கேட்டால், குளம்பைத் தட்டி விடை கூறும். 1904-இல் அறிஞர் குழு ஆராய்ந்து, “ஏமாற்று ஏதுமில்லை” என்றது. உண்மைதான், ஆசிரியர் வஞ்சகரல்லர். ஆனால், குதிரை கணக்கறிந்ததா?

உளவியல் ஆய்வாளர் ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் சோதித்தார். விடை அறியாதவரை வினவச் செய்தார், கணக்குத் தப்பிற்று! வினவுவோரைக் குதிரை காணாவண்ணம் மறைத்தார்; மீண்டும் தப்பிற்று! தட்டல் சரியான எண்ணை எட்டியதும், வினவுவோர் தலை தம்மையறியாமல் சற்றே நிமிர்ந்தது. குதிரை கற்றது கணக்கையன்று, அந்த அசைவை! 1907-இல் இவ்வாய்வு நூலாக வெளிவந்தது.

நானும் ஆசிரியன். “பகுத்தறிவு வேண்டுமா?” என்கிறேன், “வேண்டும்!” என வகுப்பே முழங்குகிறது. சிந்தித்தா சொன்னார்கள்? என் தலையசைப்பைப் படித்தா?

பிறர் அற்புதத்தை மட்டுமன்று, நாம் விரும்பும் விடையையும் சோதிப்போம். குளம்புத் தட்டல் அறிவுக்குச் சான்றன்று, கைதட்டலும் அன்று!